இரண்டு நாளில் வந்து மாற்றுகிறேன்

அக்டோபர் 3

அடே திருப்புளி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் படிப்பாய். உன் அத்தான் பேசியது தப்பு. எங்கள் வாசலில் வைத்து போலீஸ் உன்னை அழைத்துப்போனபோது, "அவன் செஞ்சிருப்பான்டி, அவன் அவசரம் எனக்குத் தெரியும்" என்று படுக்கையில் கிடந்தபடி உன் காதில் விழச் சொன்னாரே, அதற்காக நாலு நாள் அவரோடு நான் பேசவில்லை. பேசாமலேயே புரட்டிப் படுக்க வைத்தேன், பேசாமலேயே ஊட்டினேன். நீயும் ஐந்து வாரமாக ஒரு வரி எழுதவில்லை. கோபம் போதும்டா.

அந்தத் தையற்காரம்மா புகையில் மூச்சுத் திணறிச் செத்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ பழுது பார்த்த, துணி காயவைக்கிற டிரையரில் தீப்பிடித்தது என்பதற்காகக் குற்றம் உன்னுடையது ஆகிவிடுமா? சூடு மீறினால் மின்சாரத்தை வெட்டுகிற ஃபியூஸை எடுத்துவிட்டு, வெறும் கம்பியை இணைத்துவிட்டுப் போனாய் என்கிறார்கள். புது ஃபியூஸ் போட்டேன், அப்புறம் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று நீ சொல்கிறாய். நீ சொன்னால் எனக்கு அது போதும்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன். நம் டிரையர் சண்டித்தனம் பண்ணுகிறது. துணி கை பொறுக்காத சூட்டில் வெளியே வருகிறது, ஈரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சுற்றில் காய்ந்த விரிப்பு இப்போது இரண்டு, மூன்று சுற்று கேட்கிறது. லேசாகக் கருகல் வாசனையும் வருகிறது. போன வருஷம் சூடே வராமல் நின்றபோது நீ வந்து அரை மணியில் சரிசெய்தாயே, அதிலிருந்து இதுவரை ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை.

உன் அத்தானுக்கு ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு வேண்டும். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஈரத்தில் கிடந்தால் அவருக்குத் தெரியாது, தோல் புண்ணான பிறகு எனக்குத்தான் தெரியும். அவரை விட்டுவிட்டு உன்னை வந்து பார்க்கவும் வழியில்லை. என்ன செய்யலாம் என்று உடனே எழுது.

அக்கா


அக்டோபர் 9

அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் திட்டு வாங்கினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அத்தான் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல். பொய்தான், ஆனாலும் சொல். இங்கே வருகிற, போகிற கடிதங்களையெல்லாம் ஓர் அதிகாரி உட்கார்ந்து படித்து, முத்திரை குத்தித்தான் விடுகிறார். அதனால் உன் வசவை அவரும் ரசித்திருப்பார். ஃபோன் வாரத்துக்கு ஐந்து நிமிடம், அது வக்கீலுக்கே போய்விடுகிறது. சலவைக்கூடத்துக்கு ஆள் கேட்டார்கள், நான் கை தூக்கினேன். என் கேஸ் என்ன என்று பார்த்ததும் சமையலறையில் வெங்காயம் உரிக்க அனுப்பிவிட்டார்கள்.

டிரையர் விஷயம். அதன் பெல்ட் பழசு, எந்த நேரமும் அறுந்துவிடும். அதை இனிமேல் போடாதே. யாருக்காவது பழைய இரும்புக்குத் தள்ளிவிடு. இப்போதைக்குக் கொடி கட்டித் துணியைக் காயப் போடு. பழுது பார்க்க யாரையும் கூப்பிடாதே, வீணாக ஏமாற்றுவார்கள்.

அத்தானை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கிறாய்தானே?

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

என் காதிலேயே பூச்சுற்றுகிறாயா? மாடி வீட்டு பஸ் டிரைவர் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். "பெல்ட்டு புதுசு மாதிரி இருக்குக்கா, உங்க தம்பி எதைப் பாத்து சொன்னான்?" என்று கேட்கிறார். எனக்கு மானம் போயிற்று. அத்தான் மேல் உள்ள ஆத்திரத்தில் எனக்கு ஒத்தாசை பண்ண மனசில்லை என்றால் அதை நேராகச் சொல்லிவிட்டுப் போ.

நீ சொன்னாய் என்று இரண்டு நாள் கொடி கட்டினேன். இந்த வீட்டுக்கு இருப்பது ஒரே ஜன்னல், வெளியே விடாத மழை. காய்ந்துவிட்டது என்று நினைத்து விரித்த விரிப்பு நடுவில் ஈரமாகவே இருந்திருக்கிறது. இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்து, மறுநாள் உரிந்துவிட்டது. நர்ஸம்மா என்னைத்தான் திட்டினாள். மறுபடி மிஷினையே போட ஆரம்பித்துவிட்டேன், மூன்று சுற்று ஓடினாலும் சரி.

இன்னொன்று. உன் வக்கீல் ஃபோன் பண்ணினார், உனக்காகச் சாட்சி சொல்ல வருவீர்களா என்று. நான் ஏன் வராமல் இருக்கப் போகிறேன்? "எங்க வீட்டு டிரையரையும் அவன்தான் சரி பண்ணினான், ஒரு வருஷமா ஓடுது, வேணும்னா தொறந்து பாருங்க" என்று சொன்னேன். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். நவம்பர் 12-ஆம் தேதி ஓர் இன்ஜினியரை அழைத்து வந்து பின்பக்கத் தகட்டைக் கழற்றி, ஃபோட்டோ எடுத்து நீதிபதியிடம் கொடுக்கப் போகிறாராம். உன் கைவேலை என்னவென்று அவர்களும் பார்க்கட்டும்.

இப்போதாவது ஒழுங்காக எழுது. எதைத் துடைக்க வேண்டும், எதைக் கழுவ வேண்டும்?

அக்கா


அக்டோபர் 21

அக்காவுக்கு,

புண் எவ்வளவு பெரிது? அதை முதலில் எழுது.

சுத்தம் பண்ணச் சொல்லித் தருகிறேன், அப்படியே செய். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி ஆறவிடு. உள்ளே பஞ்சு சேருகிற வலை இருக்கிறது அல்லவா, அதைக் கையால் வழித்தால் மட்டும் போதாது. குழாயடியில் பிடி. தண்ணீர் கீழே இறங்காமல் வலை மேலேயே நின்றால், துணி மெத்தென்று இருக்க நீ ஊற்றுகிற திரவத்தின் பிசின் படிந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய பல் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய், நன்றாகக் காய்ந்த பிறகு போடு. வலை உட்காருகிற பள்ளத்துக்குள்ளும் பஞ்சு இருக்கும், நீளப் பிரஷ் விட்டு எடு.

அப்புறம் டிரைவரைப் பிடித்து மிஷினை முன்னால் இழு. பின்னால் சுவருக்குப் போகிற வெள்ளிக் குழாயின் கிளிப்பைத் தளர்த்திக் கழற்று. அதன் மடிப்பு மடிப்பாகப் பஞ்சு அடைத்திருக்கும். உன் துணி சூடாகி ஈரம் போகாததற்கு அதுதான் காரணம், ஈரக் காற்று வெளியே போக வழியில்லை. மாட்டும்போது குழாய் நசுங்காமல் பார்த்துக்கொள். கடைசியாக வெளிச்சுவரில் இருக்கிற சின்ன மூடியைப் பார். மிஷின் ஓடும்போது அது திறந்து ஆட வேண்டும்.

பின்பக்கத் தகட்டை மட்டும் திறக்காதே. அது உன் வேலை இல்லை. மிஷின் ஓடும்போது வீட்டை விட்டு நகராதே, ஓடி முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வை. தயவுசெய்து.

அந்த இன்ஜினியர் வேண்டாம் அக்கா. அத்தான் அப்படிக் கிடக்கிற வீட்டில் வேற்று ஆள் வந்து போவது நன்றாகவா இருக்கும்? வக்கீலிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு.

தம்பி


அக்டோபர் 27

என் ராசா,

உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். பஞ்சு வந்தது பார், ஒரு தலையணைக்கு ஆகும். டிரைவர் குழாயை உதறினதில் அவர் மீசை எல்லாம் வெள்ளை. உன் அத்தான் சிரித்துவிட்டார், எத்தனை மாசத்துக்கு அப்புறம் என்று எனக்கே நினைவில்லை. தண்ணீர் வலையில் நின்றது, நீ சொன்னபடியே. வெளியே மூடி இப்போது படபடவென்று அடித்துக்கொள்கிறது. நாற்பது நிமிஷத்தில் விரிப்பு மொறுமொறுவென்று வருகிறது. புண்ணும் ஓரத்தில் காய ஆரம்பித்துவிட்டது, உள்ளங்கை அளவு இருந்தது இப்போது அதில் பாதிதான்.

அத்தானிடம், "பாத்தீங்களா, கம்பிக்குப் பின்னாடி இருந்துக்கிட்டே சரி பண்ணிட்டான்" என்றேன். காய்ந்த விரிப்பைத் தடவிப் பார்த்தார். உன்னைக் குறை சொல்லாததே பெரிது.

ஒரே ஒரு தலையணை உறை மட்டும் ஓரத்தில் பழுப்பாகி வந்தது. டிரம்மில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், விடு.

இன்ஜினியர் வரட்டும். நீ எதற்கு வெட்கப்படுகிறாய்? கோர்ட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். "என் புருஷன் எழுந்து ஓட முடியாதவர். அப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டுல என் தம்பி தப்பா ஒரு வேலை செய்வானா?" இதைச் சொன்னால் நீதிபதிக்கே மனசு இளகிவிடும் என்று டிரைவர் பெண்சாதி சொல்கிறாள். இதை எழுதும்போதும் பக்கத்து அறையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் நீ வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

அக்கா


அக்டோபர் 31

அக்கா,

எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கு. பிடுங்கிவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

போன வருஷம் உன் மிஷினில் சூடு வராமல் போனது அந்த ஃபியூஸ் வெட்டியதால்தான். ஒரு தடவை வெட்டினால் அது செத்தது, புதுசுதான் போட வேண்டும். என் பையில் புதுசு இல்லை. அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அது, விரிப்புகள் வாளியில் குவிந்து கிடந்தன, நீ அழுதுகொண்டிருந்தாய். இரண்டு கம்பியையும் ஒன்றாகச் சேர்த்து மஞ்சள் டேப் சுற்றினேன். இரண்டு நாளில் வந்து மாற்றுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்புறம் மறந்தே போனேன்.

தையற்காரம்மா வீட்டிலும் அதேதான் செய்தேன். அவரிடம் மட்டும் வாய் விட்டுச் சொன்னேன், இரண்டு நாளில் வருகிறேன் என்று. அவர் இரண்டு தடவை ஃபோன் பண்ணினார். "தம்பி, அந்தச் சாமான் வந்துடுச்சா?" என்று மரியாதையாகக் கேட்டார். இரண்டாவது தடவை, "வந்துடுச்சும்மா, நாளைக்கு வர்றேன்" என்றேன். சாமான் என் பையிலேயே இருந்தது. பதினோரு நாள் இருந்தது.

டேப்பின் நுனியைச் சின்னக் காது மாதிரி மடித்துவிடுவது என் வழக்கம், திரும்ப வந்து பிரிக்கும்போது சுலபமாக இருக்கும் என்று. அந்தக் காது ஒன்று எரியாமல் அவர்கள் கையில் கிடைத்திருக்கிறது. "இது யார் வேலையா வேணா இருக்கலாம், நீ வேற எங்கயும் இப்படிச் செஞ்சதா அவங்களால காட்ட முடியாத வரைக்கும் நாம தப்பிச்சோம்" என்று வக்கீல் சொன்னார். வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் வீட்டில் இருக்கிறது. அதனால்தான் பெல்ட் என்று கதை விட்டேன். அதனால்தான் பின்தகட்டைத் திறக்காதே என்றேன். பஞ்சை எடுத்துவிட்டால் சூடு ஏறாது, நீயும் தப்பிப்பாய், நானும் தப்பிப்பேன் என்று கணக்குப் போட்டேன்.

தலையணை உறை பழுப்பானது என்று எழுதியிருக்கிறாய். குழாய் சுத்தமான பிறகும் துணி பழுப்பாகிறது என்றால், சூட்டை அளவோடு நிறுத்துகிற சாமானும் கெட்டுவிட்டது. இப்போது அந்த மிஷினைத் தடுக்க உள்ளே ஒன்றுமே இல்லை.

கம்பியை எடுத்து எறிந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. இதைப் படிக்கிற அதிகாரி படிக்கட்டும், யாருக்கு வேண்டுமானாலும் காட்டட்டும். இந்த வார ஃபோன் ஐந்து நிமிடமும் முடிந்துவிட்டது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

தம்பி


நவம்பர் 6

நீ எழுதியது முந்தாநாள் வந்தது. முதல் வரியைப் படித்ததும் எழுந்து போய்ப் பிடுங்கினேன். உள்ளே அவருடைய விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டிரைவரை வைத்துத் தகட்டைக் கழற்றினேன். எட்டுத் திருகாணி. மஞ்சள் டேப் பழுப்பாகி இறுகிப் போயிருக்கிறது. நுனியில் காதும் இருக்கிறது. டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை, "என்னக்கா, ஏன் உக்காந்துட்டீங்க?" என்று கேட்டார்.

நீ பெல்ட் என்று எழுதியது அக்டோபர் 9. நேற்றுக்கு முந்தின நாள் வரை இருபத்தாறு நாள். கொடி கட்டின இரண்டு நாளைக் கழித்துவிட்டேன். எழுபத்திரண்டு விரிப்பை நான் அதற்குள் போட்டிருக்கிறேன், என் கையாலேயே அந்தப் பொத்தானை அழுத்தி. அவருக்கும் அதற்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருக்கிறது. அவரால் எழுந்திருக்க முடியாது என்று உனக்குத் தெரியும். என்னால் அவரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்றும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வலையை எப்படித் தேய்க்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்திருக்கிறாய். ஒரு ஆளைக் கொன்ற பிறகுமா உனக்குப் புத்தி வரவில்லை? அவசரத்தில் செய்ததை விட்டுத் தள்ளு. இது அவசரமில்லையே. ஒவ்வொரு கடிதத்துக்கும் உட்கார்ந்து யோசித்துத்தானே எழுதினாய்!

"நான் அப்பவே சொன்னேன்ல" என்று உன் அத்தான் சொல்வார் என்று பயந்துகொண்டே படித்துக் காட்டினேன். சொல்லவில்லை. "கடைசியில எழுதிட்டான்ல" என்று மட்டும் கேட்டார். அப்புறம் தன்னைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். அவருக்கு அழுகை வந்தால் நான் பார்க்கக் கூடாது.

நான் கம்பியைத் தொடவில்லை. 12-ஆம் தேதி இன்ஜினியர் வருவார், பார்ப்பார். உனக்காகச் சாட்சி சொல்ல நான் வரப்போவதில்லை. உன்னை நம்பி இவரோடு நாலு நாள் பேசாமல் இருந்தேனே, அதை நினைத்தால் கூசுகிறது. அதற்கு மேலே உன் மேல் உள்ள பாசம் போகமாட்டேன் என்கிறது, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

பதில் எழுதாதே.


நவம்பர் 16

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

13-ஆம் தேதி நீதிபதி முன்னால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வக்கீல் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் மூன்று வீட்டில் இதே மாதிரி கம்பி இருக்கிறது, முகவரி கொடுத்தேன். அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். மூன்றில் ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம்.

தையற்காரம்மாவின் மகள் வந்திருந்தாள். பேச விட்டபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்கம்மா ரெண்டாவது தடவை ஃபோன் பண்ணினப்ப நீங்க எங்க இருந்தீங்க?" பக்கத்துத் தெருவில் இருந்தேன் அக்கா. மூன்று நிமிஷ நடை. ஒரு கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டேன். தண்டனை என்ன என்று 29-ஆம் தேதி சொல்வார்கள். அதற்கு முன் நான் பேச வேண்டும் என்றால் பேசலாமாம்.

உன் மிஷினைச் சாட்சியமாகப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று தெரியும். விரிப்பை முறுக்கிப் பிழியாதே, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி ஏறி மிதி, பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். மின்விசிறியைத் தரையில் வைத்து மேல் நோக்கித் திருப்பு. கடைசியில் நடுப்பகுதியில் புறங்கையை வைத்துப் பார். உள்ளங்கைக்கு ஈரம் தெரியாது, புறங்கைக்குத் தெரியும். அத்தானுக்கு இனி என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

நீ கோர்ட்டுக்கு வர வேண்டாம்.

தம்பி


நவம்பர் 23

தம்பி,

மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. வீடு முழுக்கக் கயிறு கட்டி விரிப்பு தொங்குகிறது, குனிந்து குனிந்துதான் நடக்கிறேன். அத்தானுக்கு வலது பக்கம் இன்னொரு புண் வந்துவிட்டது. நீ சொன்னபடி மிதித்துத்தான் காயவைக்கிறேன். உன் மேல் ஆத்திரம் இருக்கிறது என்பதற்காக அவரை ஈரத்தில் போட முடியுமா?

29-ஆம் தேதி நான் வருகிறேன். வரவேண்டாம் என்று சொல்ல நீ யார்? அவர்தான் முதலில் பேச்சை எடுத்தார். "நாலு மணி நேரம் ஒரே பக்கமா கெடந்தா செத்துட மாட்டேன், போயிட்டு வா" என்றார். டிரைவர் லீவு போட்டு உட்காருகிறேன் என்றிருக்கிறார்.

நான் உனக்காகப் பேச வரவில்லை, அதை நினைவில் வைத்துக்கொள். அந்தப் பெண் முன்வரிசையில் இருப்பாள். நீ தலையைக் குனியாதே. டீக் கடையில் நின்றேன் என்பதை எனக்கு எழுதினாயே, அதை அவளுக்குச் சொல். அவள் கேட்ட கேள்வி அது, பதில் அவளுக்குத்தான் சேர வேண்டும். அவள் காறித் துப்பினாலும் நின்று வாங்கிக்கொள். என்னைத் தேடாதே. நான் பின்னால் எங்கேயாவது உட்கார்ந்திருப்பேன்.

உனக்கு நல்லதாக ஒரு சட்டை வேண்டும், வரும்போது கொண்டுவந்து கொடுங்கள் என்று வக்கீலின் குமாஸ்தா சொன்னான். இங்கே விட்டுப்போன நீலச் சட்டையைத் துவைத்துப் போட்டு மூன்று நாள் ஆகிறது. விரிப்புகளுக்கு நடுவில் அதற்குக் காற்றுக் கிடைக்கவில்லை. புறங்கையை வைத்துப் பார்த்தேன், கழுத்துப்பட்டி இன்னும் ஈரம். அதற்குள் காயாவிட்டால் அப்படியேதான் கொண்டு வருவேன். போட்டுக்கொள்.

அக்கா